‘விடு’ன்னா என்ன அர்த்தம்

எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அண்ணி வாயில அதிகமா வந்த வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான். “மாட்டேன்.” கோபமாச் சொல்ல மாட்டாங்க, குரலை உசத்த மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி உப்பு இருக்கான்னு கேட்டா, தீந்து போச்சுன்னு சொல்லுவோமே, அப்படிச் சொல்லுவாங்க. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். சண்டைன்னா சண்டை மாதிரி போடணும். நான் அந்த ரகம்.

வந்த முதல் வாரமே, அண்ணனோட எண்ணெய் ஊறின வேலைத் துணியை மத்த துணியோட ஊறப் போட மாட்டேன்னாங்க. பிஸ்கட் கம்பெனிக்கு வேலைக்குப் போனாங்க. கக்கூஸ் போறதுக்கு சூப்பர்வைசர்கிட்ட சீட்டு வாங்கணுமாம், மாட்டேன்னு வீட்டுக்கு வந்துட்டாங்க. தையல் கம்பெனியில ஜன்னலைச் சாத்திட்டு உக்காரச் சொன்னாங்க, அங்கேயும் அதே கதை. “இவ எங்க போனாலும் ஒத்தைக்கால்லதான் நிப்பா”ன்னு எங்கம்மா தலையில அடிச்சுக்கும். நான் நாத்தனார் வேற. எரியற அடுப்புல ஊத எனக்குச் சொல்லியா தரணும்?

கடைசியில அண்ணி வந்து சேர்ந்தது நானும் அண்ணனும் வேலை செய்யற விறகு டிப்போவுக்கு. லாரியில மரம் வந்து இறங்கும். அண்ணன் பவர் ரம்பத்தால அதைத் துண்டு துண்டா அறுப்பான். அந்தத் துண்டை மிஷின் பிளக்கும். பிளந்ததை நான் அடுக்குவேன். அடுக்கிக்கிட்டே பேசுவேன், அதனால டிப்போவுல என் பேரு ரேடியோ. விறகு போறது பேக்கரிக்கும் சலவைக் கூடத்து பாய்லருக்கும்.

அந்த மிஷினைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாத்தான் மிச்சம் புரியும். நீளமா ஒரு இரும்பு மேடை. ஒரு கோடியில ஆப்பு, அசையாம நிக்கும். மறு கோடியில தடியா ஒரு தகடு. இன்ஜின் ஓட, எண்ணெய் அழுத்தத்துல அந்தத் தகடு மெதுவா முன்னாடி வந்து, கட்டையை ஆப்பு மேல தள்ளும். எவ்வளவு பெரிய கட்டையானாலும் ரொட்டி மாதிரி ரெண்டாப் போகும். சத்தம்கூட பெருசா வராது. அதை ஓட்ட ரெண்டு கைப்பிடி இருக்கு, இடது ஒண்ணு, வலது ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து அமுக்கினாத்தான் தகடு நகரும். ஒண்ணை விட்டாலும் நின்னுடும். செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான்.

ஆனா நம்ம ஆளுங்க மூளை இருக்கே! வலது பிடியை சைக்கிள் டியூப் வச்சு இறுக்கிக் கட்டிட்டா, அது எப்பவும் அமுங்கியே இருக்கும். இடது பிடி ஒண்ணை அமுக்கினாப் போதும், தகடு வரும். இன்னொரு கை சும்மா இருக்கு, பிளந்ததைத் தள்ளிவிடலாம். எதிர்ல ஒரு ஆள் நின்னு கட்டையைப் பிடிச்சா வேலை ரெண்டு மடங்கு. அந்த டியூபுக்கு ‘மூணாவது கை’ன்னு பேரும் வச்சாச்சு. எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான்.

முன்னாடி ஓட்டிக்கிட்டிருந்தவர் வேற ஊருக்குப் போனதும் மிஷின் அண்ணி கைக்கு வந்துச்சு. முதல் நாள், மேடைக்குப் பக்கத்துல ஒட்டியிருந்த, எப்படி ஓட்டணும்னு படம் போட்ட தாளை அண்ணி துணியால தொடைச்சாங்க. வருஷக் கணக்கா கிரீஸ் அப்பி, அங்க ஒரு தாள் இருக்கறதே எங்க யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படமா விரலை வச்சுப் பாத்தாங்க. அப்புறம் கத்தியை எடுத்து டியூபை அறுத்துப் போட்டாங்க.

அன்னைலேருந்து சட்டம்தான். சட்டைக் கை தொளதொளன்னு இருக்கக் கூடாது. கண்ணாடி போடணும். மிஷின்கிட்ட ஒரே ஆள்தான். கட்டையை வைக்கறதும் அவங்கதான், பிடியை அமுக்கறதும் அவங்கதான். வேற யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு தரையில வெள்ளை பெயிண்ட்டால ஒரு கோடு இழுத்தாங்க. கட்டை ஆப்புல மாட்டிக்கிட்டா எங்காளுங்க காலால உதைப்பாங்க. அண்ணி தகட்டைப் பின்னால இழுத்து, இன்ஜினை அணைச்சு, சாவியைப் பாக்கெட்டுல போட்டுட்டு, மரச் சுத்தியலால தட்டி எடுப்பாங்க. குழாய்ல எண்ணெய் கசியுதான்னு பாக்கக்கூட கையை வைக்க மாட்டாங்க, அட்டைத் துண்டைத்தான் நீட்டுவாங்க. முடி கனத்துக்கு எண்ணெய் பீச்சினாலும் தோலைத் துளைச்சு உள்ள போயிடுமாம். நாங்க சிரிச்சோம்.

“கோடு போட்டா கோட்டை ஆயிடுமா அண்ணி?”ன்னு நான் கேட்டேன். நல்ல சிரிப்பு கிடைச்சது. லாரி டிரைவர் அவங்களுக்கு ‘ரெண்டு கை’ன்னு பேரு வச்சான், அதையும் நான்தான் ஊர் பூரா பரப்பினேன். அண்ணிக்கு எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி. அண்ணன் அறுத்துப் போடற கட்டையில முனை சாய்ஞ்சிருந்தா மட்டும் வாயைத் திறப்பாங்க. சாய்ஞ்ச கட்டை மேடையில நிக்காது, உருளும். “நேரா அறுங்க”ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. கட்டின பொண்டாட்டி எல்லார் முன்னாடியும் கட்டையைத் திருப்பி அனுப்பினா எந்த ஆம்பளைக்கு ஆகும்? வீட்டுல ரெண்டு பேரும் அதுக்கே ஒரு வாரம் பேசிக்கல.

இப்படி ஓடிக்கிட்டிருந்தப்பத்தான் பேக்கரிக்காரன் இன்னொரு அடுப்பு கட்டினான். திங்கள்கிழமைலேருந்து விறகு ரெண்டு பங்கு வேணும்னுட்டான். முதலாளி நேரா அண்ணிகிட்ட வந்தார். வலது பிடியைக் கட்டு, எதிர்ல ஒரு ஆளை நிறுத்துன்னார். அண்ணி என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லவும் வேணுமா? முதலாளி ஒண்ணும் கத்தல. மிஷினை எங்க அண்ணன்கிட்ட குடுத்தார். கட்டை பிடிக்க என்னை நிறுத்தினார். என் அடுக்கற வேலைக்கு அண்ணியை அனுப்பினார், அண்ணனோட ரம்பத்தைச் சுமை தூக்கற ஒருத்தன்கிட்ட குடுத்தார். அண்ணிக்கே ஆப்பு வச்சாச்சுன்னு டிப்போவே சிரிச்சுது.

எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்தது, மறைக்க மாட்டேன். அண்ணி மட்டும் மிஷினை விட்டு நகரறதுக்கு முன்னாடி அண்ணன் பக்கம் திரும்பினாங்க.

“எதிர்ல நிக்கறது உங்க தங்கச்சி. அவ கை போச்சுன்னா அது உங்க கையால போகும். யோசிச்சுக்கோங்க.”

அண்ணன் டியூபை எடுத்துக் கட்டினான். அண்ணி விறகு அடுக்கப் போயிட்டாங்க.

வேலை பறந்துச்சு. நான் கட்டையைத் தூக்கி வைப்பேன், ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு “விடு”ம்பேன். அண்ணன் அமுக்குவான். கட்டை பிளக்கும். “விடு”, பிளக்கும். “விடு”, பிளக்கும். வண்டியை விடுன்னு சொல்றதில்லையா, அந்த விடு. யாரும் கூடி உக்காந்து பேசி வச்ச வார்த்தை இல்ல, வாயில வந்துச்சு, ஒட்டிக்கிச்சு. நாள் பூரா ஐந்நூறு தடவை சொல்லியிருப்பேன். அண்ணன் காதுக்கு அது பழகிப் போச்சு. நான் ‘வி’ன்னாலே அவன் கை இறங்கிடும்.

புதன்கிழமை காலையில ஒரு கட்டை வந்துச்சு. முனை சாய்ஞ்சது, நடுவுல முடிச்சு வேற. திருப்பி அனுப்ப யார் இருக்கா? தூக்கி வச்சேன், பிடிச்சேன், “விடு”ன்னேன். தகடு வந்து முட்டினதும் கட்டை அப்படியே என் பக்கம் புரண்டுச்சு. என் கையுறை விரல் கட்டைக்கும் ஆப்புக்கும் நடுவுல போயிடுச்சு. எங்க டிப்போவுல தோல் கையுறை எல்லாம் ஒரே அளவு, ஆம்பளைங்க கைக்குத் தச்சது. என் விரலுக்கு மேல ஒரு அங்குலம் வெறும் தோல் தொங்கும். அந்த வெறும் தோலைத்தான் ஆப்பு முதல்ல பிடிச்சுது. தகடு நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு.

அந்த நேரத்துல மனுஷ வாயில என்ன வரும்? “விடு”ன்னுதான் வரும். பிடியை விடு, கையை எடு, என்னை விடு. கத்தினேன்.

அண்ணன் இன்னும் அழுத்தி அமுக்கினான்.

அவன் பாத்துக்கிட்டிருந்தது உள்ள திரும்பற லாரியை. அவன் காதுல விழுந்தது நாள் பூரா விழற அதே வார்த்தை. அவன் மேல என்ன தப்பு சொல்ல? நான் இன்னொரு கையால என் மணிக்கட்டையே பிடிச்சு, பின்னால சாய்ஞ்சு இழுத்தேன். கை உருவிக்கிட்டு வந்துச்சு, கையுறை அங்கேயே நின்னுடுச்சு. கண்ணு முன்னாடி அது ரெண்டாப் போச்சு. நடு விரல் நகம் நசுங்கி ரத்தம் கட்டியிருந்துச்சு, அவ்வளவுதான். விரல் இருந்துச்சு. எண்ணிப் பாத்தேன்.

அண்ணன் திரும்பிப் பாத்து, “என்ன, கையுறை போச்சா? வேற எடுத்துக்க”ன்னான். கட்டை லேசா இடிச்சிருச்சுன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லலன்னு கேளுங்க. சொன்னா அண்ணி ஜெயிச்சுடுவாங்க. கை போயிருந்தாலும் அப்பவும் இதையேதான் யோசிச்சிருப்பேனோ என்னவோ, அப்படி ஒரு வீம்பு எனக்கு. இன்னொரு கையுறையை மாட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் “விடு, விடு”ன்னுதான் நின்னேன். ஆப்பசைச்ச குரங்குக்காவது தெரியாமப் பண்ணின தப்பு.

ஆனா அண்ணி அடுக்கற இடம் பத்தடி தூரத்துலதான். சிராய்க் குவியல்லேருந்து அந்தக் கையுறைப் பாதியை எடுத்துக்கிட்டு மதியம் என்கிட்ட வந்தாங்க. கையைக் காட்டுன்னாங்க. “மாட்டேன்”னேன். என் வாயிலேயே அந்த வார்த்தை வந்ததும் அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. கையுறையைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுப் போனாங்க.

மறுநாள் காலையில முதலாளி வர்றதுக்கு முன்னாடியே அண்ணி மிஷின் பக்கத்துல நின்னாங்க. அண்ணன் சட்டையிலேருந்து எடுத்த சாவி அவங்க பாக்கெட்டுல. இன்ஜின் ஓடல. டியூப் கட்டினபடியே இருக்கு. மேடையில ஒரு கட்டை. லாரி டிரைவர், சுமை தூக்கறவங்க, அண்ணன், நான், எல்லாரும் அங்கதான் இருந்தோம். முதலாளி வந்து என்ன கூட்டம்னார். அண்ணி, ஒரு நிமிஷம் இந்தக் கட்டையைப் பிடிச்சுக்கோங்கன்னாங்க. மிஷின் ஓடலையேன்னு அவரும் பிடிச்சார். அண்ணி இடது பிடிகிட்ட போய் நின்னாங்க.

“தகடு வரணும்னா என்ன சொல்வீங்க முதலாளி?”

“விடுன்னு சொல்லுவேன்.”

“கை மாட்டிக்கிச்சுன்னா?”

“மாட்டாது.”

“மாட்டிக்கிச்சு. என்ன சொல்வீங்க?”

முதலாளி வாயைத் திறந்தார். ‘வி’ன்னு ஆரம்பிச்சார், அப்படியே நின்னுட்டார். அவர் கண்ணு மெதுவா ஆப்புக்குப் போச்சு, அங்கேருந்து தகட்டுக்கு வந்துச்சு, அங்கேருந்து தன்னோட கைக்கு வந்துச்சு. கட்டையிலேருந்து கையை எடுத்துட்டார். இன்ஜின் ஓடல, சாவி அண்ணி பாக்கெட்டுல இருக்கு, அப்பவும் எடுத்துட்டார்! இந்த ரெண்டு கண்ணாலயும் நான் பாத்தேன், யார் வேணா வந்து கேக்கட்டும்.

கௌரவம் விடுமா? வார்த்தைதானே தகராறு, வார்த்தையை மாத்திக்கோங்க, ‘தள்ளு’ன்னு சொல்லுங்க, இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னார். அதைக் கேட்டு ரெண்டு மூணு பேர் தலையை ஆட்டினாங்க. எனக்கே நல்ல யோசனைன்னு பட்டுச்சு.

“கை நசுங்கறப்ப எந்த வார்த்தை வரும்னு யாருக்கும் தெரியாது”ன்னாங்க அண்ணி. “ரெண்டு கையும் பிடியில இருந்தா நசுங்கறதுக்கு அங்க கையே இல்ல. அப்ப வார்த்தையும் வேணாம். நான் கட்ட மாட்டேன். கட்டவும் விட மாட்டேன்.”

முதலாளிக்கு முகம் சிவந்து போச்சு. உன் கையா அது, உனக்கென்னம்மா வந்துச்சுன்னார். கைக்குச் சொந்தக்காரி அங்க நிக்கறா, அவளே பிடிக்கறேன்னு சந்தோஷமாத்தானே நிக்கறா, அவளைக் கேளுன்னு என்னைக் காட்டினார். “என்ன ரேடியோ, சொல்லு. உனக்கு ஏதாவது கஷ்டமா?”

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அண்ணி மட்டும் பாக்கல. அவங்க தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. என்கிட்டேருந்து ஒத்தாசை வரும்னு அவங்க எதிர்பாக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. பதினோரு வருஷமா நான் குடுத்த குடைச்சலுக்கு எதிர்பாக்கத்தான் முடியுமா? வேலையைப் பணயம் வச்சு இந்தப் பொம்பளை என் கைக்காக நிக்குது, நான் இந்தப் பக்கம் வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி நிக்கறேன். எனக்கு என் மேலயே ஆத்திரம் வந்துச்சு. சரி, ஒரு கை பாத்துடலாம்னு கையுறையைக் கழட்டினேன். நகம் பூரா கறுத்து, விரல் வீங்கி, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. முதலாளிகிட்ட காட்டல. அண்ணன்கிட்ட போய் அவன் முகத்துக்கு நேரா நீட்டினேன்.

“அண்ணா, நேத்து நான் ‘விடு’ன்னு கத்தினது பிடியை விடச் சொல்லி. நீ அமுக்கினே.”

அவனுக்கு உடனே விளங்கல. என் விரலைப் பாத்தான், இடது பிடியைப் பாத்தான், தன் உள்ளங்கையைப் பாத்தான். அப்புறம் ஒரு கட்டை மேல உக்காந்துட்டான். எங்க அப்பா செத்தப்பகூட அவன் முகம் அப்படி ஆகல. அப்புறம் எந்திரிச்சான், இடுப்புலேருந்து கத்தியை எடுத்தான், டியூபை அறுத்தான். ஒரு தடவை அறுத்தது போதாம, அதைத் துண்டு துண்டா அறுத்துக்கிட்டே இருந்தான்.

அதை அறுத்ததுக்கு நாளைக்கு நீங்க மூணு பேரும் வர வேணாம்னு முதலாளி சொன்னார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சாவியைப் போட்டுக்கிட்டே, “வருவோம்”னாங்க.

இன்ஜின் கிளம்புச்சு. கோட்டைத் தாண்டி உள்ள நின்ன எல்லாரையும் அண்ணி கையைக் காட்டி வெளிய அனுப்பினாங்க. நாங்க போயிட்டோம், முதலாளி மட்டும் அங்கேயே நின்னார். அண்ணி அவரையே பாத்துக்கிட்டு சும்மா நின்னாங்க. அமுக்கவும் இல்ல, அணைக்கவும் இல்ல, டீசல் பாட்டுக்கு எரியுது. கடைசியில அவர் ஏதோ முணுமுணுத்துக்கிட்டு ரெண்டடி பின்னால போனார். குதிகால் கோட்டுக்கு வெளிய போனதும்தான் அண்ணி ரெண்டு கையையும் ரெண்டு பிடியில வச்சாங்க.

மறுநாள் போனோம். கேட் திறந்துதான் இருந்துச்சு. அண்ணன் ரம்பத்துக்குப் போனான். அளவுகோல் வச்சு அறுத்தான்யா, அளவுகோல்! ஒரு கட்டைகூட சாயல, உருளல. வேகம் தானா கூடுச்சு. பேக்கரிக்காரனுக்கு ரெண்டு பங்கு விறகு போகல, ஒன்றரைப் பங்குதான் போச்சு. அவன் அடுப்பு ஒண்ணும் அணைஞ்சு போயிடல. முதலாளி இன்னைக்கு வரைக்கும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லல. நாங்களும் கேக்கல, கேக்கவும் மாட்டோம்.

அப்படித் திரும்பிப் போன அன்னைக்கு மதியம் மூணு பேரும் கொட்டகையில ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். அண்ணன் டப்பாவைத் திறந்து வச்சுட்டு சாப்பிடாம உக்காந்திருந்தான். என்னண்ணான்னு கேட்டேன். அவன் என் முகத்தைப் பாக்காம கேட்டான்.

“எத்தனை தடவை கத்தினே?”

அண்ணி சாப்பிடறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. அவங்க அன்னைக்குப் பத்தடி தூரத்துல இருந்தவங்க, எல்லாம் காதுல விழுந்திருக்கும்.

“ஒரே தடவைதான்”னேன். “அதுக்குள்ள கையை உருவிட்டேன். நீ சாப்பிடு.”

ஆறு தடவை கத்தினேன். அண்ணி என் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, நசுங்கின விரலால நான் திறக்க முடியாம வச்சிருந்த மூடியைத் திறந்து குடுத்தாங்க.